ஸ்கேலில் இரண்டு சென்டிமீட்டர்: மாதவிலக்கும் மைதானமும்

டீம் எடுக்கும் நாளில் ஒரு பிள்ளை பி.டி. டீச்சரின் காதோரம் வந்து ஏதோ சொல்லும். டீச்சரும் தலையாட்டி, "சரி மக்களே, நீ அந்த மரத்தடியில போய் இரு" என்பார். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை மணலானாலும் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கமானாலும் இதுதான் வழக்கம். டீச்சர் பரிவோடுதான் சொல்கிறார், அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பரிவுக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: இந்த நாளில் பிள்ளைக்குக் கை கால் ஓடாது, கவனம் நிற்காது, பந்து வரும் நேரத்தைப் பிடிக்க முடியாது. அந்தக் கணக்கு சரிதானா என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2024இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஃபிஃபாவின் ஆய்வு உதவித்தொகையும் அதற்கு உண்டு. மொத்தம் 241 பேர், 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை, கணினியில் சில சோதனைகள். நகரும் இரண்டு பந்துகள் மோதும் கணத்தைச் சொல்ல வேண்டும். சிரிக்கும் முகம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், வேறு முகம் வந்தால் அழுத்தக் கூடாது. சுழற்றிய உருவமும் அசல் உருவமும் ஒன்றுதானா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டத்தில் எதிராளியின் காலைப் பார்த்துப் பந்து போகும் திசையைக் கணிப்பதற்குத் தேவையான அதே திறன்கள்.

அவர்களில் மாதவிலக்கு வரும் பெண்கள், இரத்தப்போக்கு இருந்த நாட்களில்தான் நன்றாகச் செய்திருந்தார்கள். பந்து மோதும் நேரக் கணிப்பு சராசரியாக 10 மில்லி செகண்ட், அதாவது 12 சதவீதம், துல்லியம் கூடியிருந்தது. அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தும் தப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. மெதுவானது எப்போது என்றால், பீரியட்ஸ் வருவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில், லூட்டியல் கட்டத்தில். அப்போது எதிர்வினை 10 முதல் 20 மில்லி செகண்ட் தாமதம். ஆனால் தப்பு கூடவில்லை. அதே பெண்களிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது, பீரியட்ஸ் நாளில்தான் உடம்பும் மனசும் மோசம், இன்று சரியாகச் செய்யவில்லை என்றே சொன்னார்கள். உடம்பு ஒன்றைச் செய்துகொண்டிருக்க, மனசு வேறொன்றை நம்பிக்கொண்டிருக்கிறது. மரத்தடிக்கு அனுப்பும்போது அந்த நம்பிக்கைக்கு நாமும் ஒரு கையெழுத்து போட்டு அனுப்புகிறோம்.

இதோடு நிறுத்திவிட்டால் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி ஆகிவிடும். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2025இல் 'பிளாஸ் ஒன்' இதழில், நூற்றுக்கும் மேற்பட்ட பழைய ஆய்வுகளை, ஏறத்தாழ 4,000 பெண்களின் அளவீடுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கவனம், நினைவு, எதிர்வினை, இடவுணர்வு (உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் திறன்) எதிலும் மாதவிலக்குச் சுழற்சியோடு சேர்ந்து மாறும் உறுதியான வித்தியாசம் தென்படவில்லை. 1988இல் கனடாவில் ஹாம்ப்சனும் கிமுராவும் செய்த ஆய்வுகளில், ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் உயர்ந்திருக்கும் நாட்களில் விரல் வேகமும் நாக்கு வேகமும் கூடுவதாகவும், பீரியட்ஸ் நாட்களில் இடவுணர்வு கூடுவதாகவும் வந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடமாகப் பத்திரிகைகள் பக்கம் நிரப்பின. பெரிய தொகுப்பில் போட்டால் அது கரைந்துவிடுகிறது.

அப்படியானால் எதை நம்புவது? வித்தியாசம் இருந்தாலும் மிகச் சிறியது, ஆளுக்கு ஆள் மாறுவது. "பீரியட்ஸ் நாளில் திறமை விழும்" என்பதற்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் உறுதியான சான்று இல்லை. ஓட்டம், எடை தூக்கல் போன்ற உடல் செயல்திறனைப் பற்றி 78 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரையும், முதல் சில நாட்களில் சொற்பமாகக் குறையலாம், ஆனால் சான்று பலவீனம், ஆளைப் பார்த்து முடிவெடுங்கள் என்றுதான் சொன்னது.

அதே லண்டன் குழு 2025இல் 54 பெண்களை வைத்து இன்னொன்று செய்தது. கருமுட்டை வெளிப்படும் நாளில் எதிர்வினை மிக வேகம், லூட்டியல் கட்டத்தின் நடுவில் அதைவிட 30 மில்லி செகண்ட் மெதுவு. ஆனால் அந்தக் கட்டுரையில் கவனிக்க வேண்டிய எண் இதுவல்ல. விளையாட்டே இல்லாத பெண்கள், சுழற்சியின் எந்த நாளானாலும், விளையாடுகிறவர்களைவிட 70 மில்லி செகண்ட் மெதுவாக இருந்தார்கள். அவசரப்பட்டு அழுத்தும் தப்பு மூன்று மடங்கு. மாதத்தில் எந்த நாள் என்பது 30, பயிற்சி இருக்கிறதா இல்லையா என்பது 70. வயசுக்கு வந்ததும் "இனி ஓடாதே, குதிக்காதே" என்று ஒரு பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அதன் விலை இந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

ஹார்மோன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அப்போது ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் இரண்டும் அடிமட்டத்தில் இருக்கும். பிறகு ஈஸ்ட்ரோஜென் ஏறி, கருமுட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன் உச்சம் தொடும். முட்டை வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டிரோன் ஏறி, சுமார் ஒரு வாரத்தில் உச்சிக்குப் போய், மறுபடி இறங்கும்போது அடுத்த பீரியட்ஸ். ஈஸ்ட்ரோஜென் மூளையின் நரம்புகளைக் கொஞ்சம் தூண்டிவிடும் குணமுள்ளது. புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள், தூக்க மாத்திரைகள் வேலை செய்யும் அதே காபா வாசல்களில் போய் உட்கார்ந்து நரம்பைத் தணிக்கும். லூட்டியல் நாட்களில் எதிர்வினை சற்று மந்தமாவதற்குச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அந்த நாட்களில் உடம்புச் சூடும் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் கூடியே இருக்கும். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில், காற்றில் ஈரம் நிறைந்த நம் கடலோரத்தில், காலை பதினொரு மணிக்கு மேட்ச் வைத்தால் இந்த அரை டிகிரி சும்மா இருக்காது. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அரை லிட்டர் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட மோர், வார்ம்-அப் நிழலில், கழுத்தில் ஈரத்துண்டு. இவ்வளவு போதும்.

நாள் எண்ணுவதில் நடக்கும் தப்பு

"14ஆம் நாள் முட்டை வெளிப்படும், அதனால் அன்று கடினப் பயிற்சி, 21ஆம் நாள் ஓய்வு" என்று வண்ண வண்ணமாக ஒரு சார்ட் இணையத்தில் சுற்றுகிறது. சில பயிற்சியாளர்கள் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியும் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சார்ட் ஏறத்தாழ வீண். பெரியவர்களுக்குச் சுழற்சி 21 முதல் 35 நாள் வரை போகும். வயசுக்கு வந்த முதல் சில வருடங்களில் 45 நாள் வரை போனாலும் இயல்புதான். அந்த வருடங்களில் பல மாதங்கள் முட்டை வெளிப்படாமலே இரத்தப்போக்கு வரும். முட்டை வெளிப்படாவிட்டால் புரோஜெஸ்டிரோன் ஏறாது, லூட்டியல் கட்டமே கிடையாது. இல்லாத கட்டத்துக்கு ஓய்வு நாள் ஒதுக்கி என்ன பயன்?

முட்டை வெளிப்பட்டாலும், நீளம் மாறுவது பெரும்பாலும் முதல் பாதிதான். இரண்டாம் பாதி ஏறத்தாழ இரண்டு வாரம். ஆகவே 34 நாள் சுழற்சி உள்ள ஒருத்திக்கு முட்டை வெளிப்படுவது 20ஆம் நாளை ஒட்டி. நல்ல ஆய்வுகள் நாள் எண்ணி நிறுத்திக்கொள்வதில்லை. முட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன் ஏறும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் கிட், பிறகு இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் லிட்டருக்கு 16 நேனோமோலுக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நமக்கு அது தேவையில்லை. ஆனால் அந்த அளவு சோதிக்காமல் "இன்று உன் லூட்டியல் நாள்" என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது தெரிந்திருந்தால் போதும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டங்கள் எதுவும் பொருந்தாது. மாத்திரை இடைவெளியில் வரும் இரத்தப்போக்கு சுழற்சியின் முதல் நாள் அல்ல.

ஸ்கேல் சோதனை

சார்ட்டுக்குப் பதில் அளந்து பார்க்கலாம். தேவை 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று, நாற்காலி ஒன்று, மேஜை ஒன்று. முன்கை மேஜையில் கிடக்கட்டும், உள்ளங்கை மட்டும் விளிம்புக்கு வெளியே. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் இடைவெளி. ஸ்கேலின் பூஜ்யம் கட்டைவிரலின் மேல்விளிம்புக்கு நேராக வரும்படி தோழி பிடித்துக்கொள்வாள். சொல்லாமல் விட வேண்டும். பிடித்த இடத்தில் கட்டைவிரலின் மேல்விளிம்பு எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுத வேண்டும். 10 சென்டிமீட்டரில் பிடித்தால் 143 மில்லி செகண்ட், 15இல் 175, 20இல் 202, 25இல் 226. ஈர்ப்பு விசைக் கணக்கு, ஸ்கேல் ஏமாற்றாது. 15க்கும் 17க்கும் இடையே உள்ள வித்தியாசம் 11 மில்லி செகண்ட். லண்டன் ஆய்வு இவ்வளவு பேசிய தாமதம் ஸ்கேலில் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர்தான்.

அதற்காக அது ஒன்றுமில்லை என்றும் ஆகாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 10 மில்லி செகண்டில் 20 சென்டிமீட்டர் போய்விடும். கோல்கீப்பருக்கு அது ஒரு கையகலம். கபடியில் ரைடரின் கணுக்காலைப் பிடிக்கும் கார்னருக்கும் அப்படித்தான். ஆனால் நடுக்களத்தில் பந்தை வாங்கிக் கொடுக்கிறவளுக்கும், 1500 மீட்டர் ஓடுகிறவளுக்கும் இது கண்ணிலேயே படாது.

இந்தச் சோதனை கெட்டுப்போகும் வழிகள் நிறைய. முதல் இரண்டு மூன்று தடவைகளில் பழக்கத்தாலேயே எண் குறையும். அதைப் பார்த்து "இந்த வாரம் வேகம் கூடியிருக்கு" என்று எழுதிவிடக் கூடாது. முதல் வாரம் முழுதும் பழகுவதற்கு, எழுதுவது அதன் பிறகு. விடுகிற தோழி ஒரே தாளத்தில் விட்டால் பிடிக்கிறவள் முன்கூட்டியே ஊகித்துவிடுவாள், ஒரு செகண்டுக்கும் நான்கு செகண்டுக்கும் இடையே மாற்றி மாற்றி விட வேண்டும். பத்தில் இரண்டு முறை விடுவது போல் அசைந்துவிட்டு விடாமல் இருக்க வேண்டும். அப்போது விரலை மூடினால் ஒரு தப்பு. ஆட்டத்தில் ஏமாற்று அசைவுக்கு விழுவதும் இதே தப்புதான், எதிர்வினை வேகத்தைவிட இதைக் கவனிப்பதில் பயன் கூட. விட்ட எட்டில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் தள்ளி, மீதி ஆறின் சராசரி. எப்போதும் ஒரே கை, ஒரே நேரம், வார்ம்-அப்புக்கு முன். சாயா குடித்துவிட்டு வந்த நாளும் குடிக்காத நாளும் ஒன்றல்ல. காலையில் எடுத்ததை மாலையில் எடுத்ததோடு ஒப்பிடக் கூடாது.

கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்வதற்கு இன்னொன்று: சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று டென்னிஸ் பந்தை வலது கையால் எறிந்து இடது கையால் பிடிப்பது, இடது கையால் எறிந்து வலது கையால் பிடிப்பது. 30 செகண்டில் எத்தனை பிடித்தாள் என்று எண்ணினால் போதும்.

வாரம் மூன்று நாள், மூன்று சுழற்சி. அதற்குக் குறைந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்திலேயே இரண்டு சென்டிமீட்டர் இப்படி அப்படிப் போகும். எண்ணுக்குப் பக்கத்தில் நான்கு விஷயம் எழுத வேண்டும்: பீரியட்ஸ் எத்தனையாவது நாள், நேற்று எத்தனை மணி நேரம் தூக்கம், வலி பூஜ்யம் முதல் பத்து வரை எவ்வளவு, "இன்று எப்படிச் செய்வேன்" என்று அவளே முன்கூட்டி நினைப்பது ஒன்று முதல் ஐந்து வரை எவ்வளவு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், எண்ணை ஆட்டிவைப்பது பெரும்பாலும் தூக்கமும் வலியும்தான் என்று அந்த நோட்டே சொல்லும். நினைத்ததும் நடந்ததும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பதும் அதில் இருக்கும்.

அந்த நோட்டு பிள்ளையின் பையில் இருக்க வேண்டும். பயிற்சியாளரின் மேஜையில் அல்ல, டீம் வாட்ஸ்அப் குழுவில் கண்டிப்பாக அல்ல. 2019 உலகக் கோப்பையில் அமெரிக்கப் பெண்கள் அணி சுழற்சியைக் கண்காணித்தது என்று கேள்விப்பட்டதும் நம்மூரிலும் எக்செல் ஷீட் போடத் தொடங்கினால் விபரீதம்தான். சம்பளம் வாங்கும் வீராங்கனைகள் தாங்களே இசைந்து செய்தது அது. பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் "உனக்கு எப்ப வரும்?" என்று ஆண் பயிற்சியாளர் கேட்பது வேறு. "இன்னைக்கு முழுசா, பாதியா, ஓரமா?" என்று எல்லாரிடமும் கேட்டால் காரணம் கேட்காமலே பதில் கிடைத்துவிடும்.

வலியும் மாத்திரையும்

முதல் இரண்டு நாள் வலி கருப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டினால். அது குடலையும் இறுக்கும், அதனால்தான் சிலருக்கு அன்று வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும். மெஃபனமிக் அமிலம், இபுபுரோஃபன் போன்றவை அந்தச் சுரப்பையே தடுப்பவை. ஆகவே வலி உச்சத்துக்குப் போனபின் போடுவதைவிட, தொடங்கும்போதே போட்டால்தான் வேலை செய்யும். சாப்பாட்டுக்குப் பின், இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடும் நாளில் இவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மெஃபனமிக் அமிலத்தால் அபூர்வமாக வரும் கடுமையான ஒவ்வாமை பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. மாத்திரை தொடங்கியபின் காய்ச்சலும் தோலில் தடிப்பும் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெடிக்கலில் "வயித்துவலி மாத்திரை" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் மெஃபனமிக் அமிலத்தோடு டைசைக்ளோமின் சேர்ந்த கலவை. வீட்டில் படுத்திருப்பவருக்கு அது பரவாயில்லை. டைசைக்ளோமின் வியர்வையைக் குறைக்கும், வாயை உலர்த்தும், கண்ணைச் சற்று மங்கவைக்கும். வெயிலில் வியர்க்காமலும் பந்தைத் தெளிவாகப் பார்க்காமலும் ஆடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "பீரியட்ஸ்ல பந்தே தெரியல" என்ற புகாருக்குப் பின்னால் சில நேரம் இந்த மாத்திரைதான் நிற்கிறது. மேட்ச் நாளுக்குக் கலவை இல்லாத மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு, "தள்ளிப்போடும் மாத்திரை". கோயில் கொடை, கல்யாணம், திருவிழா என்று நம்மூரில் எல்லா வீட்டுக்கும் பழக்கமான நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம். எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து, நாளுக்கு மூன்று வேளை என்று டாக்டர்கள் எழுதுவார்கள். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் பீரியட்ஸ் வரும். ஒரு மேட்சுக்காக இதைப் போடுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. வயிறு ஊதல், தலைவலி, எரிச்சல் இவற்றோடு ஆட வேண்டியிருக்கும். தள்ளிப்போடுவது நல்ல நாட்களை அல்ல, சிலருக்கு மந்தமான நாட்களையே நீட்டிவைக்கிறது. இரத்தம் உறைந்த வரலாறோ கண்ணில் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் தொடக் கூடாது. தேசிய அளவில் ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று: நோரெதிஸ்டிரோன் தடை செய்யப்பட்ட மருந்து அல்ல, ஆனால் அதைச் சாப்பிட்டவரின் சிறுநீரில், தடை செய்யப்பட்ட ஊக்கமருந்தான நாண்ட்ரோலோனுக்கு அடையாளமான 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன் சிறு அளவில் வரலாம். ஆய்வுக்கூடங்களுக்கு இது தெரியும், பிரித்துப் பார்ப்பார்கள். இருந்தாலும் ஊக்கமருந்துப் படிவத்தில் மாத்திரையின் பெயரை எழுதிவிட வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பிறகு விளக்கம் சொல்லி அலைய வேண்டிவரும்.

இரும்பு

எதிர்வினையைவிட, ஓட்டத்தைவிட, மாதவிலக்கு ஒரு விளையாட்டுப் பிள்ளையிடமிருந்து உண்மையிலேயே பறிப்பது இரும்புச்சத்து. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஒரு மாதவிலக்கில் இயல்பாகப் போவது 30, 40 மில்லிலிட்டர் இரத்தம். 80ஐத் தாண்டினால் அதிகப்போக்கு. வீட்டில் யாரும் அளப்பதில்லை. அடையாளம் வேறு: ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்துபோவது, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி விழுவது, ஏழு நாளைத் தாண்டுவது. 80 மில்லிலிட்டரில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போய்விடும். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதத்தில் பாதி நாள் சம்பாத்தியம் ஐந்து நாளில் காலி.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே சேமிப்பு, அதாவது ஃபெரிட்டின், வற்றிவிடும். அது 30க்குக் கீழே என்றால் விளையாட்டு மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். ஹீமோகுளோபின் 12.4 இருக்கிறது, ஆனால் பிள்ளைக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறது, கவனம் சிதறுகிறது என்றால் ஃபெரிட்டினைப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னலுக்கு வெளியே எறியாமல் விழுங்கினாலே பாதி வேலை முடிந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரிய எதிரி கட்டஞ்சாயா, அதாவது பால் ஊற்றாத தேநீர். சோறு உண்ட கையோடு குடிக்கும் ஒரு கிளாஸ் சாயா, அந்தச் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மரச்சீனிக் கிழங்கில் இரும்பு சொற்பம். ஆனால் அதோடு சாளைக் குழம்பு இருந்தால் மீனிலுள்ள இரும்பு எளிதில் சேரும், கூட உள்ள கீரையின் இரும்பையும் இழுத்துக்கொண்டு வரும். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைத் துண்டோ அதே வேலையைச் செய்யும். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினால் காலையில் போடுவது நல்லது. கடினப் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடலின் இரும்புக் கதவைச் சாத்திவிடும்.

வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டுவது நம் பக்கத்துப் பழக்கம், நல்ல பழக்கம். அந்தச் சடங்கோடு ஊட்டம் நின்றுபோவதுதான் சங்கடம். மைதானத்துக்கு ஐந்தரை மணிக்கு வரும் பிள்ளை பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வருகிறது. 50 கிலோ எடை, அதில் கொழுப்பு போக 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்ய கிலோவுக்கு 45 கலோரி வீதம் 1,800, பயிற்சிக்கு 500, ஆக 2,300 வேண்டும். 1,700க்கு இறங்கிவிட்டால், பயிற்சிக்கான 500 போக, கிலோவுக்கு 30தான் மிஞ்சும். அந்த இடத்தில் உடம்பு செலவைக் குறைக்கத் தொடங்கி, முதலில் நிறுத்துவது பீரியட்ஸை. "மூணு மாசமா வரல, நல்லதாப் போச்சு" என்று பிள்ளையும் நிம்மதியாக இருக்கும். அது ஃபிட்னஸ் அல்ல. அதே நேரத்தில் எலும்பும் மெலிந்துகொண்டிருக்கிறது, ஓடும் காலில் விரிசல் விழும்போதுதான் தெரியும். மூன்று மாதம் வராமல் இருந்தாலும், 15 வயதாகியும் வயசுக்கு வராமல் இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு முன் இரண்டு மட்டி வாழைப்பழமோ ஒரு ஏத்தன்பழமோ போதும், புரோட்டீன் பவுடர் தேவையில்லை.

கறை பயம்

எந்த ஹார்மோனைவிடவும் கவனத்தைத் தின்பது இதுதான். ஓடும்போது ஒரு கண் பந்தில், ஒரு மனசு பின்பக்கத்தில். குனியப் பயம், டைவ் அடிக்கப் பயம், கபடியில் கால் விரித்து நிற்கப் பயம். இதைத்தான் வெளியிலிருந்து பார்க்கிறவர் "பீரியட்ஸ்ல ரிஃப்ளெக்ஸ் போயிருச்சு" என்கிறார். விம்பிள்டனே 2023இல்தான் வெள்ளைப் பாவாடைக்குள் கருநிறக் கால்சட்டை போட அனுமதித்தது. இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியும் அதே வருடம் வெள்ளைக் கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. நம் பள்ளிகளில் இன்னும் விளையாட்டுச் சீருடை என்றாலே வெள்ளை. கருநீலக் கால்சட்டைக்கு மாற்ற ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்து போதும், செலவு கூடுதலாகப் பத்துப் பைசா கிடையாது.

நாப்கின் நகர்வது பெரும்பாலும் தளர்ந்த உள்ளாடையால். இறுக்கமான பருத்தி உள்ளாடை, இறக்கை உள்ள நாப்கின், மேலே கருநிற சைக்கிளிங் ஷார்ட்ஸ், அதன்மேல் கால்சட்டை. வார்ம்-அப்புக்கு முன் ஒன்று மாற்ற வேண்டும், பாதி நேரத்தில் இன்னொன்று. வியர்வையில் நனைந்த நாப்கின் தொடையை அறுக்கும், ஆட்டத்துக்கு முன் தொடையிடுக்கில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் உரசல் குறையும். மாதவிலக்குக் கப் ஓடுகிறவர்களுக்கு வசதிதான், 20 முதல் 30 மில்லிலிட்டர் கொள்ளும், எட்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். எர்ணாகுளம் பக்கத்துக் கும்பளங்கி ஊராட்சி 2022இல் நாப்கின் இல்லாத ஊராகவே அறிவித்துக்கொண்டது. ஆனால் கப் போடப் பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், மேட்ச் நாளில் முதல்முறை முயற்சி செய்யக் கூடாது. ஒவ்வொரு மாதமும் போடும் முன் ஐந்து நிமிடம் கொதிநீரில் கிடக்கட்டும்.

டீம் பையில் பேண்டேஜ், ஸ்ப்ரே, பந்து பம்பு எல்லாம் இருக்கும், நாப்கின் இருக்காது. ஒரு சிப் பையில் ஆறு நாப்கின், இரண்டு கருநிற ஷார்ட்ஸ், காகிதப் பை, சோப்பு, ஒரு சிறிய டவல். கேட்காமல் எடுக்கும்படி, பை டீச்சரிடம் இல்லாமல் பொது இடத்தில் இருக்க வேண்டும். கொல்லங்கோடு பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் வரும் டீமுக்கு வழியில் கழிப்பறை நிறுத்தம் ஒன்றை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மைதானத்துக் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் குப்பைத்தொட்டியும் இருக்கின்றனவா என்று பார்ப்பது, புல் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால்.

முழங்காலைப் பற்றியும் கேட்பார்கள். பெண்களுக்கு ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். கருமுட்டை வெளிப்படும் நாளை ஒட்டி தசைநார்கள் கொஞ்சம் தளர்கின்றன என்பதற்கும் சான்று உண்டு. ஆனால் அதற்காக அந்த நாளில் பயிற்சியை நிறுத்துவதில் அர்த்தமில்லை, அந்த நாள் எது என்றே நமக்கு உறுதியாகத் தெரியாது. ஃபிஃபா 11+ வார்ம்-அப் மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம். வாரம் இரண்டு முறையாவது, மாதம் முழுதும். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடிகின்றனவா என்று முன்னால் நின்று பார்க்க வேண்டும். மடிந்தால் "கால்விரலுக்கு நேரா முழங்கால்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். சலிக்காமல்.

2002இல் சிகாகோ மாரத்தானில் பவுலா ராட்கிளிஃப் 2 மணி 17 நிமிடம் 18 செகண்டில் உலக சாதனை படைத்தபோது அவருக்கு மாதவிலக்கு வலி இருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 199 கிலோ தூக்கி, ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை விட்டபோது அவருக்கு மூன்றாம் நாள், அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஒருவருக்கு சாதனை, இன்னொருவருக்கு நான்காம் இடம். இரண்டில் எதையும் எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளையிடம் "அவளால் முடிந்தது, உனக்கு என்ன?" என்றோ "பாவம், அவளுக்கே முடியல" என்றோ சொல்லிவிடக் கூடாது. வலி பத்துக்கு எட்டு என்று சொல்கிற பிள்ளை மரத்தடியில் உட்காரட்டும், தண்ணீர் கொடுங்கள், வெந்நீர்ப் பை இருந்தால் வயிற்றில் வையுங்கள். பத்துக்கு மூன்று என்றால் ஸ்கேலை எடுத்து எட்டுத் தடவை விட்டுப் பாருங்கள். எண்ணை அவளே படிக்கட்டும்.